சென்னையிலிருந்து குழித்துறைக்கு மாற்றலாகும் முன்சீப்புக்கு அரசு வீடு கிடைக்குமா?

அண்ணி முன்சீப்பாக, அதாவது கீழ்நிலை சிவில் நீதிபதியாக, கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறைக்கு வருகிறார், குவார்ட்டர்ஸ் காலி இல்லையாம், வாடகையைக் கைக்காசில் கட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆனால் ‘காலி இல்லை’ என்பதை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் நகரும்.

கீழ்நிலை நீதிபதிகளின் சம்பளம், படிகளை ஆராய்ந்த வெங்கடராம ரெட்டி ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று 2024 ஜனவரி 4-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது இது: பொறுப்பேற்ற ஒரு மாதத்துக்குள் அரசு வீடு தர வேண்டும்; இல்லாவிட்டால் தனியார் வீடு எடுக்கலாம், வாடகைப்படி போக மிச்ச வாடகை அரசின் பொறுப்பு. வாடகையை மதிப்பிடுவது மாவட்ட நீதிபதியும் பொதுப்பணித் துறையும். எனவே சேர்ந்த அன்றே நாகர்கோவில் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு மனு போட்டுவிட வேண்டும். வாடகை நிர்ணயமாகும் முன்பே வீட்டுக்காரரிடம் தொகை பேசி முடித்தால், மதிப்பீடு குறைந்து வரும்போது வித்தியாசம் உங்கள் தலையில் விழும். அட்வான்ஸையும் இந்தக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

இங்கே அதிகம் சறுக்குவது வேறிடத்தில். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் பெரிய வீடுகளுக்குப் பஞ்சமில்லை, ஆனால் உரிமையாளர் வளைகுடாவில் இருப்பார், சாவி மச்சான் கையில் இருக்கும். மச்சான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்குப் பவர் பத்திரம் இல்லையென்றால் பில் திரும்பி வரும். அதைவிட முக்கியம், அந்த வீட்டுக்காரருக்கு அதே கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்கோ வரப்புத் தகராறோ நடக்கிறதா என்று பார்ப்பது. வக்கீல் வீடும் வேண்டாம், வக்கீல் பார்த்துக் கொடுக்கும் வீடும் வேண்டாம். ‘ஜட்ஜுக்கு மட்டும் எதற்கு அரசு வீடு’ என்று கேட்க வருபவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்: ஊரில் பாதி வீட்டு வாசலை அவரால் மிதிக்க முடியாது.

சிவில் நீதிபதிக்கு ஒதுக்கும் அரசு வீடு குறைந்தது 2000 சதுர அடி, மாவட்ட நீதிபதிக்கு 2500. மின்கட்டணத்தில் பாதி திரும்பக் கிடைக்கும், சிவில் நீதிபதிக்கு ஆண்டுக்கு 6000 யூனிட் வரை. அதாவது இரண்டு மாத பில்லுக்குச் சராசரி 1000 யூனிட். தண்ணீர்க் கட்டணத்திலும் பாதி உண்டு. ஆனால் நம்மூரில் முக்கால்வாசி வீட்டில் கிணறும் மோட்டாரும்தானே, அது கரண்ட் பில்லில்தான் தெரியும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஃபர்னிச்சருக்கு 1.25 லட்சம், பில் வைத்தால் மட்டும். ஆசாரியிடம் அயினி மரக் கட்டில் சொல்லிச் செய்தால் கட்டில் நாள்பட உழைக்கும், ஆனால் பில் வராது.

மாற்றல் மானியம் ஒரு மாத அடிப்படைச் சம்பளம். புதிதாகச் சேர்ந்தவருக்கு 77,840. சாமான் ஏற்ற கிலோமீட்டருக்கு 50 ரூபாய், ஏற்றுக்கூலி இறக்குக்கூலி அதற்குள்ளேயே. சென்னையிலிருந்து 700 கிலோமீட்டர் என்று வைத்தால் 35,000.

அதே கோர்ட்டில் அமீனாவும் டைப்பிஸ்ட்டும் பூதப்பாண்டியிலிருந்து பஸ் மாறி மாறி வருவதைப் பற்றி இந்தத் தளத்தில் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, அது கிடக்கட்டும்.

மாற்றல் ஜூனில் என்றால் இங்கே மழை பிடித்திருக்கும். லாரிக்குத் தார்ப்பாய் கேட்டு வாங்குங்கள், வாடகை ரசீதில் வண்டி எண்ணும் இருக்கட்டும்.