சைக்கிள் நிற்கிறது, எடுக்கத்தான் ஆளில்லை

கேள்வி: எங்கள் கல்லூரி வளாகம் மிகப் பெரியது. கேட்டிலிருந்து எங்கள் பிளாக்குக்கு நடக்கவே கால் மணி நேரம் ஆகும். போன வருடம் நிர்வாகம் வாடகை சைக்கிள் திட்டம் கொண்டுவந்தது. 500 ரூபாய் டெபாசிட் கட்டிவிட்டு, ஆப் மூலம் பூட்டைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் எடுப்பதில்லை. என்.எஸ்.எஸ். சார்பில் போஸ்டர் ஒட்டினோம், பேரணியும் நடத்தினோம். மாணவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது?
- இறுதியாண்டு மாணவி, கோவை

பதில்: பேரணி போதும். சுற்றுச்சூழலுக்காக யாரும் காலை 8.50-க்கு சைக்கிள் எடுக்க மாட்டார்கள். முதல் ஹவர் அட்டெண்டன்ஸுக்காக எடுப்பார்கள். அந்த நேரத்தில் கேட்டருகே ஓட்டுகிற நிலையில் சைக்கிள் நிற்கிறதா? நாளைக்கே போய்ப் பாருங்கள். டயரில் காற்று இருக்கிறதா, சீட்டை இறக்க முடிகிறதா, செயின் கவர் இருக்கிறதா? துப்பட்டா ஒருமுறை செயினில் சிக்கினால் அந்தப் பெண் மறுபடி அந்தப் பக்கமே வரமாட்டாள், அவள் தோழிகளும்தான்.

ஓட்டத் தெரியாத கூட்டமும் அல்ல இது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்கள் உங்கள் வகுப்பிலேயே இருப்பார்கள். காலேஜுக்கு வந்த பிறகும் சைக்கிளா என்ற கூச்சம்தான் தடுக்கிறது. அதை அறிவுரையால் போக்க முடியாது. சீனியர்களும் பேராசிரியர்களும் ஓட்டினால் தானாகக் குறையும். உங்கள் துறைத்தலைவரிடம் ஒரு வாரம் ஓட்டச் சொல்லிக் கேளுங்களேன். (மறுத்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.)

அடுத்தது டெபாசிட். மெஸ் பில்லுக்கே வீட்டுக்குப் போன் போடுகிறவர்களிடம் 500 ரூபாய் கேட்பது வீண். 2014-ல் பீஜிங் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய ஓஃபோ என்ற பொது சைக்கிள் நிறுவனம், முதலில் வளாகத்துக்குள்தான் ஓடியது. உன் சைக்கிளைப் பொதுவில் கொடு, எல்லோருடைய சைக்கிளையும் எடுத்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு. பூட்டின் எண் போனில் வரும். பிறகு முதலீடு கொட்டியது, ஊர் ஊராக மஞ்சள் சைக்கிள்கள் இறங்கின. 2018-ல் கோவைக்கும் வந்து போயின. அந்த வருடக் கடைசியில் டெபாசிட்டைத் திரும்பக் கேட்டு பீஜிங் அலுவலக வாசலில் நீண்ட வரிசை நின்றது. உங்களுக்கு அந்த வம்பே வேண்டாம். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகம் 1996-லேயே காந்தப்பட்டை அட்டையைத் தேய்த்து சைக்கிள் எடுக்கவைத்தது. யார் எடுத்தார்கள் என்று தெரிந்தால் போதும்; உங்கள் ஐ.டி. கார்டு எண்ணே அதற்குப் பிணை.

இன்னொரு சிக்கல், திட்டம் பிடித்துக்கொண்ட பிறகுதான் தெரியும். காலையில் எல்லா சைக்கிளும் பிளாக் பக்கம் போய்விடும், கேட் காலியாகிவிடும். பாரிஸில் 2007-ல் வந்த வெலிப் திட்டத்திலும் இதே தலைவலி. மேட்டுப் பகுதியில் எடுத்து இறக்கத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். வேன் வைத்து ஏற்றியதோடு, மேட்டு நிலையத்தில் கொண்டுவந்து விடுபவர்களுக்கு 15 நிமிடம் கூடுதலாக இலவசம் என்றும் அறிவித்தார்கள். உங்களுக்கு வேன் எதற்கு? காலை எட்டரைக்குள் கேட்டுக்கு சைக்கிள் கொண்டுவரும் ஹாஸ்டல்காரர்களுக்கு கேன்டீனில் ஒரு டீ டோக்கன் கொடுங்கள். கூட்டம் அலைமோதும்.

லேடீஸ் ஹாஸ்டல் வாசலிலும் லைப்ரரி வாசலிலும், விளக்கு வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து ஒவ்வொரு ஸ்டாண்ட் கேளுங்கள். அடுத்த பேரணிக்கென்று பணம் ஒதுக்கியிருந்தால், பக்கத்து சைக்கிள் கடைக்காரரை வாரம் இரண்டு நாள் வரவழைக்க அதைக் கொடுத்துவிடுங்கள்.