பக்கக் கேமரா முன்னாலா, பின்னாலா?

அண்ணே, சுங்கை சிப்புட்டில் மோட்டார்ஹோமுக்கு, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டிக்கு, பக்கக் கேமராவைப் பின்மூலையில் மாட்டலாமா, முன்பக்கக் கண்ணாடிக்கு அருகிலா என்று கேட்டிருந்தீர்கள். முன்னால்தான். முன்கதவுக்குச் சற்றுப் பின்னே, கூரை விளிம்புக்குக் கீழே, பின்பக்கம் பார்த்தபடி வையுங்கள். வண்டியின் பக்கச்சுவர் படத்தின் ஓரத்தில் ஒரு கீற்றாகத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் வரும் மோட்டார்சைக்கிள் எவ்வளவு நெருக்கம் என்று கணிக்க முடியாது. பின்சக்கரமும் தெரியட்டும், தோட்டச் சாலையில் திரும்பும்போது கால்வாயில் இறங்காமல் காப்பாற்றுவது அதுதான். பின்மூலையில் மாட்டினால் இரண்டுமே தெரியாது.

கூரையைவிட்டு வெளியே துருத்த வேண்டாம், செம்பனை மட்டை சும்மா விடாது. ஒரே கேமராவுக்குத்தான் காசு என்றால் இடது பக்கம். நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம், கண்ணுக்குப் படாத இடம் அங்கேதான் அதிகம்.

துளை போடுமுன் டேப்பால் ஒட்டி, ஒருவரைப் பக்கத்தில் நடக்கவிட்டுத் திரையைப் பாருங்கள். வயர் துளைக்குள் நுழையுமுன் கீழே சற்றுத் தொங்கி வளையட்டும், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அப்புறம், படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிய வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.