சாவி திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும்!

கேள்வி: 12 வோல்ட் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) உள்ள டீசல் எஞ்சின் படகு. சில நாள் ஒரே திருப்பில் கிளம்புகிறது, சில நாள் ‘டிக்’ என்பதோடு சரி. பேட்டரி புதிது. என்ன கோளாறு?
– வாசகர், காசிமேடு

பதில்: எஞ்சின் சுற்றவே இல்லையே, அதனால் டீசல், ஃபில்டர் பக்கம் போகாதீர்கள். பேட்டரியை மறுபடி மாற்றிக் காசைக் கரைக்கவும் வேண்டாம். உப்புக் காற்றில் கேபிள் முனையின் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். வெளியே பளபளப்பாகத்தான் தெரியும்.

மல்டிமீட்டரில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டட்டும். கியர் நியூட்ரலில் இருக்க, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்கும்போதே பேட்டரியின் மைனஸ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அளந்து பாருங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் இணைப்புதான் குற்றவாளி. அதேபோல் பிளஸ் முனையிலிருந்து ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட் வரை 0.5-ஐத் தாண்டக் கூடாது. கோளாறு தெரியும் நேரத்தில் அளந்தால்தான் பிடிபடும். நன்றாகக் கிளம்பும் நாளில் மீட்டர் எதையும் சொல்லாது.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். அதன் பிறகே மேலே கிரீஸ். கேபிளுக்குள் கம்பி கறுத்திருந்தால் வெள்ளீயம் பூசிய செம்புக் கேபிள் போடுங்கள்.

இரண்டு பக்கமும் சரியென்றால் சோலனாய்டு (ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் மின்காந்த சுவிட்ச்) அல்லது ஸ்டார்ட்டரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ‘டிக்’கே வராத நாளில் கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் செல்ஃபை இயங்கவிடும் நியூட்ரல் சுவிட்சைப் பாருங்கள்.

செல்ஃபை 10 விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், 2 நிமிடம் ஆறவிடுங்கள்.