புது ஊருக்கு வருபவர்களுக்குத் திசை ஏன் குழம்பிவிடுகிறது?

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். தஞ்சாவூரிலிருந்து வந்த சித்தப்பாவை ஒரு மாலை முழுவதும் செம்பனைக் காட்டில், அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில், தேடி அலைந்திருக்கிறேன். அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சித்தப்பாவுக்கு வயது 68. ஊரில் நள்ளிரவில் எழுப்பிக் கேட்டாலும் கிழக்கைக் காட்டுவார். அங்கே ஆறும் வாய்க்காலும் கிழக்கே கடலைப் பார்த்து ஓடுகின்றன. கீழவீதி, மேலவீதி என்று தெருப்பெயரே திசை சொல்கிறது. எங்கள் பக்கம் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். அதில் இறங்கும் தண்ணீர் மேற்கே பேராக் ஆற்றைத் தேடிப் போகிறது. தோட்டத்து ஓடையைப் பார்த்ததும், அது ஓடும் பக்கத்தையே கிழக்கு என்று அவர் மனம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஈப்போவிலிருந்து வடக்கே வந்த பஸ்ஸிலும் அசந்து தூங்கியிருந்தார். முதலில் பதிந்த திசை லேசில் மாறாது. மலையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றால் மேற்கிலும் கிளெடாங் மலை நிற்கிறது.

செம்பனையை ஏறத்தாழ 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். ஒரு மரத்தடியில் நின்று சுற்றிப் பாருங்கள்: ஆறு பக்கமும் ஒரே மாதிரி நேர் சந்துகள் திறக்கும். எதன் வழியாக வந்தோம் என்று சொல்ல ஓர் அடையாளமும் இராது. மட்டைகள் கூரையாக மூடுவதால் சூரியனும் துணைக்கு வராது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெர்மனியின் காட்டிலும் சகாராவிலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ தெரியாதபோது, நேராகப் போவதாக நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள். சித்தப்பாவும் வெட்டி அடுக்கிய அதே மட்டைக் குவியலை மூன்று முறை கடந்திருக்கிறார்.

என் பிழையும் இதில் உண்டு. “மேட்டு லயத்தைத் தாண்டி, பிரட்டுக்களத்தில் திரும்புங்கள்” என்று வழி சொல்லி அனுப்பியவன் நான். பிரட்டுக்களம் என்றால் காலையில் வேலையாட்களுக்குப் பேர் கூப்பிடும் இடம். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த அந்த லயத்தை இடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் கண்ணுக்கு மட்டும் அது இன்னும் நிற்கிறது. “மூன்றாங்கட்டையில் இறங்குங்கள்” என்பதும் இப்படித்தான். கட்டை என்றால் மைல் என்பது வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

விளக்கு வைக்கும் நேரத்தில் அவரைக் கண்டுபிடித்தோம். வேட்டி விளிம்பெல்லாம் செம்மண். “தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் தம்பி வந்தேன்” என்றார், குரல் நடுங்கியது.

இப்போது யார் வந்தாலும், முதல் நாள் வெயில் தாழ்ந்ததும் ஓடைக்கரைக்கு அழைத்துப் போகிறேன். சூரியன் இறங்கும் பக்கமே தண்ணீரும் போவதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று சற்று நேரம் நிற்கிறோம்.