அரசியல் செயல்பாட்டில் ஈடுபடும் தொல்லியலாளரின் ஆய்வை நம்பலாமா?

தொல்லியலாளர் அரசியல் இயக்கங்களில் பங்கெடுத்தால் அவருடைய ஆய்வு முறை கெட்டுவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கெடக்கூடும்; ஆயினும், தம் கருதுகோளைப் பொய்யாக்கக்கூடிய சான்றையும் அவர் தேடினாரா, பதிவுகளைப் பிறர் சரிபார்க்கும்படி வைத்தாரா என்பதைக் கொண்டே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்றைய சிம்பாப்வே நாட்டிலுள்ள பெரும் சிம்பாப்வே என்ற பழைய நகரின் கல் இடிபாடுகளை ஆப்பிரிக்கர்கள் கட்டியிருக்க முடியாது என்று நம்பிய ரிச்சர்ட் ஹால், 1902 முதல் 1904 வரை அங்கே காப்பாளராகப் பணிபுரிந்தபோது, ஆப்பிரிக்கக் குடியிருப்பின் மண்ணடுக்குகளைப் பிற்காலக் குப்பையென்று கருதி அகற்றிவிட்டார். எந்த அடுக்கில் எந்தப் பொருள் கிடந்தது என்ற தகவல் ஒருமுறை அழிந்தால் மீண்டும் கிடைக்காது. முன்முடிவு இத்துறைக்குச் செய்யும் மிகப் பெரிய கேடு இதுவே என்பேன். 1929இல் தொல்லியலாளர் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன், குலையாத அடுக்குகளைத் தேடி அகழ்ந்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று உறுதிப்படுத்தினார். அதன் பிறகும் ரொடீசிய (சிம்பாப்வேயின் அன்றைய பெயர் ரொடீசியா) வெள்ளையர் ஆட்சி அம்முடிவை ஏற்க விரும்பவில்லை. அதை வலியுறுத்திய தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

செயல்பாட்டாளர்களின் கூற்றே சரியாக அமைந்ததும் உண்டு. 1996இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த கெனிவிக் எலும்புக்கூடு தங்கள் முன்னோருடையது என்று பழங்குடியினர் உரிமை கோரியபோது, மண்டையோட்டின் வடிவத்தைக் காட்டிச் சில அறிஞர்கள் மறுத்தனர். 2015இல் வெளியான மரபணு ஆய்வு பழங்குடியினரின் கூற்றையே ஆதரித்தது. 2017இல் அவர்கள் அந்த எலும்புகளை அடக்கம் செய்தனர்.