வெயில் தின்ற தோலும் ரெட்டினாய்டும்: வாசகர் கேள்விகள்

முன்னந்தலையில் சொரசொரப்பான திட்டுகள். ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்றார் மருத்துவர். ட்ரெட்டினாயின் தடவினால் போதுமா?

போதாது. ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்பது நாள்பட்ட வெயிலால் வரும், சில சமயம் புற்றுநோயாக மாறக்கூடிய திட்டு. ட்ரெட்டினாயின், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்துகளில் ஒன்று. அதைத் தடவினால் சில திட்டுகள் தட்டையாகலாம், சில மறையலாம். அதற்கும் மாதக்கணக்கில் ஆகும். திட்டை உறையவைத்தல், ஃப்ளோரோயூராசில் கிரீம், இமிக்விமோட் கிரீம் ஆகியவைதான் முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சைகள். 5 சதவீத ஃப்ளோரோயூராசிலை முகத்தில் 2 முதல் 4 வாரம் பூசியவர்களுக்கு, அடுத்த ஓராண்டில் அறுவை தேவைப்பட்ட ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் (தோல் புற்றுநோயில் ஒரு வகை) முக்கால் பங்கு குறைந்ததாக 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. ட்ரெட்டினாயினுக்கு அப்படி ஒரு சான்று கிடையாது.

ட்ரெட்டினாயின் போட்டால் எரிகிறது, தோல் உரிகிறது.

அதிகமாகப் பூசுகிறீர்கள். இரவில், முகம் நன்றாக உலர்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பகலில் சன்ஸ்கிரீன்.

கன்னத்தில் சிறு கட்டி, அவ்வப்போது ரத்தம் கசிகிறது. 4 மாதமாக ரெட்டினால் (கடையில் கிடைக்கும் ரெட்டினாய்டு) கிரீம் போடுகிறேன். அளவைக் கூட்டலாமா?

ரத்தம் கசியும் கட்டியில் 4 மாதமாகக் கிரீமா? இன்றே நிறுத்துங்கள். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள், பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படலாம். தடித்தது, வலிப்பது, கசிவது, வேகமாக வளர்வது எதுவானாலும் இன்னதென்று தெரியாமல் எதையும் தடவாதீர்கள்.

தோல் புற்றுநோய் வராமல் தடுக்க ரெட்டினால் சீரம் வாங்கினேன். இனி சன்ஸ்கிரீன் அவசியமா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. சுருக்கத்துக்கு விற்கும் சீரத்தைப் புற்றுநோய்க் கவசம்போலப் பேசுகிறவர்கள் மீதுதான் என் கோபம். ரெட்டினால், ட்ரெட்டினாயினைவிடப் பல மடங்கு வீரியம் குறைந்தது. அந்த வீரியமான ட்ரெட்டினாயினையே, 0.1 சதவீத அளவில், ஏற்கெனவே தோல் புற்றுநோய் வந்த 1,100க்கு மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் வருடக்கணக்கில் சோதித்தார்கள். 2012இல் வந்த முடிவு: புதுப் புற்றுநோயும் குறையவில்லை, கெரட்டோசிஸ் திட்டுகளின் மொத்த எண்ணிக்கையும் குறையவில்லை. சன்ஸ்கிரீனைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் நாலரை ஆண்டு தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. சீரம் போடுவது உங்கள் விருப்பம். தோல் மென்மையாகும், நிறம் சீராகும், சரி. ஆனால் அதை நம்பித் தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் விட்டால், இருக்கிற பாதுகாப்பையும் இழக்கிறீர்கள்.

சிறுநீரக மாற்று செய்தவன். அசிட்ரெட்டின் என்ற ரெட்டினாய்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். எத்தனை நாள்?

உடல் தாங்கும்வரை, பெரும்பாலும் வருடக்கணக்கில். உறுப்பு மாற்று செய்து, திரும்பத் திரும்பத் தோல் புற்றுநோய்க் கட்டி வருகிறவர்களுக்கு இது பலன் தருகிறது. நிறுத்தினால் கட்டிகள் மறுபடி கிளம்பும், அதனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். உதடு வறளும். கொழுப்பு, கல்லீரல் ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறேன். ரெட்டினாய்டு?

கிரீமை நிறுத்திவிடுங்கள். மாத்திரை என்றால் விஷயமே வேறு: சிசுவுக்குக் கடுமையான ஊனம் வரக்கூடும். அசிட்ரெட்டினை நிறுத்திய பிறகும் 3 ஆண்டு கருத்தரிக்கக் கூடாது. மது அருந்தினால் அது உடலில் இன்னும் நீண்டகாலம் தங்கும் வேறொரு பொருளாக மாறுகிறது. ஒரு சொட்டும் வேண்டாம்.

கேரட் சாறு, பீட்டா கரோட்டின் (கேரட்டில் இருப்பது, உடலில் வைட்டமின் ஏ ஆக மாறுவது) மாத்திரை உதவுமா?

கேரட் நல்ல உணவு. மாத்திரை தோல் புற்றுநோயைத் தடுக்கவில்லை. புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயைக் கூட்டியது. வேண்டாம்.