ஹைபிரிட் நெல்லை விதைக்கு எடுத்து வைக்கலாமா?

கேள்வி: மேலூர் பக்கம் ஒருபோகச் சாகுபடி செய்கிறேன். போன வருடம் வாங்கிய ஹைபிரிட் நெல் நல்ல கண்டுமுதல். அதிலேயே விதைக்கு எடுத்து இந்த வருடம் நட்டேன். ஒரே வயலில் நெட்டையும் குட்டையுமாக நிற்கிறது. பாதி கதிர் வாங்கிவிட்டது, பாதி இன்னும் பச்சையாகவே இருக்கிறது. பக்கத்து வயல்காரர் ஏடிடி 45 ரக நெல்லைச் சொந்த விதையில்தான் போடுகிறார், மாறவே இல்லை. விதையைக் காயவைத்ததில் தப்பு செய்துவிட்டேனா?

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. அந்த நெல்லின் குணமே அதுதான்.

1912-இல் கோவையில் தொடங்கிய நெல் ஆராய்ச்சியில், விவசாயி மறுபடி மறுபடி விதைத்தாலும் குணம் மாறாத ரகங்களைப் பிரித்தெடுத்தார்கள். 1921-இல் வந்த ஜிஇபி 24 என்ற நெல் ரகம் அப்படிப்பட்டது. வயலில் தானாக மாறித் தனித்து நின்ற செடியிலிருந்து பிரித்தது. நெல் தன் பூவுக்குள்ளேயே கரு பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பக்கத்து வயல் ஏடிடி 45 அப்படியே இருக்கிறது.

ஹைபிரிட் வேறு. இரண்டு தனித்தனி நெல் வம்சங்களைக் கலந்தால் முதல் தலைமுறையில் மட்டும் ஒரு வீரியம் வரும். அடுத்த தலைமுறையில் தாய் குணமும் தகப்பன் குணமும் பிரிந்துவிடும். சில தூர்களில் மகரந்தம் கெட்டுப் பதராகவும் போகும். இந்த வயலிலிருந்து ஒரு மணிகூட விதைக்கு எடுக்காதீர்கள்.

இதைச் சாக்காக வைத்து, 'எந்த விதையானாலும் வருடா வருடம் வாங்கணும்' என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். அதைவிட மோசம், சாக்கை அவிழ்த்து, 'ஆராய்ச்சி ரகம், புதுசு' என்று சில்லறையில் அள்ளிப் போடுகிறவர். சான்று விதை என்றால் தைத்த மூட்டை, நீல அட்டை, அதில் குவியல் எண் (லாட் நம்பர்), காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். அட்டையைக் கிழித்து எறியாதீர்கள். அறுவடை முடியும்வரை பில்லோடு வைத்திருங்கள். பில் தராத கடையில் கால் வைக்காதீர்கள். முளைக்காமல் போனால் புகார் கொடுக்க வேறு ஆதாரம் கிடையாது.

அரசு விதைதான் நல்லது என்று நானே ஊர் ஊராகச் சொன்னவன். ஆனால் என் நிலத்துக்கே ஒரு வருடம் மூன்று முறை அலைந்தேன். நாற்று பாவிப் பத்து நாள் கழித்து 'விதை வந்துவிட்டது' என்றார்கள். கால்வாயில் தண்ணீர் விடும் தேதியை ஒட்டித்தானே விதை வர வேண்டும்? இத்தனை வருடமாகியும் இதைச் சரிசெய்ய முடியவில்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கம்பு போடும் உசிலம்பட்டி, பேரையூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கம்பில் பூவின் பெண் பாகமான சூல்முடி முதலில் வெளியே வரும், மகரந்தம் பிறகுதான். காற்றில் எங்கிருந்தாவது வந்து சேரும். ஹைபிரிட் நெல்லைப் போலவே ஹைபிரிட் கம்பையும் எடுத்து வைக்கவே கூடாது. தனசக்தி போன்ற, ஹைபிரிட் அல்லாத கம்பு ரகத்தை வைக்கலாம். ஆனால் வரப்போரக் கதிர் வேண்டாம், நடு வயலில் எடுங்கள். பெரிய கதிராகப் பார்த்துப் பத்தே பத்து எடுத்தால் நாளடைவில் வீரியம் குறையும். சில நூறு கதிர்களைக் கலந்து அடியுங்கள். பக்கத்தில் வேறு கம்பு பூத்திருந்தால் அந்த வருடம் விட்டுவிடுங்கள்.

அடுத்த போகத்துக்குப் பக்கத்து வயல்காரரிடமே ஏடிடி 45 கேளுங்கள். விவசாயிகள் விதை மாற்றிக்கொள்ள 2001-ஆம் வருடச் சட்டமே உரிமை தருகிறது. பூக்கும்போது போய், கலவனை, அதாவது வேறு ரகச் செடிகளை, பிடுங்கச் சொல்லுங்கள். விதைக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ கல்லுப்பு கரைத்து, ஒரு கோழிமுட்டையைப் போடுங்கள். பழைய நாலணா அளவுக்கு முட்டை மேலே தெரிந்தால் உப்பு போதும். மிதக்கும் நெல்லை அள்ளிவிட்டு, அடியில் தங்கியதை உப்புப் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி ஊறப்போடுங்கள்.